கொதிக்க விடாதீர்கள்!

போன இதழில் என் வீட்டு வரவேற்பறைப் படம் ஒன்று வெளியானது. எடுத்தது புத்தக அலமாரியைக் காட்டத்தான். ஆனால் அதற்கு மேலே மாட்டியிருந்த எல்க் மானின் மண்டையோடுதான் எல்லார் கண்ணிலும் பட்டிருக்கிறது. புத்தகங்களைப் பற்றி ஒரு கடிதமும் இல்லை. மண்டையோட்டைப் பற்றி ஒரு கட்டு. ஆசிரியர், "நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்" என்று மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கொலராடோவின் மேற்குப் பக்கம், கிராண்ட் ஜங்ஷனில் பல் ஆய்வகத்தில் வேலை. கிரவுன், பிரிட்ஜ், பல்செட் செய்வது பிழைப்பு. பதினோரு வருடமாக இலையுதிர் காலத்தில் மலையேறுகிறேன். அந்தப் பதினோரு சீசனில் கிடைத்தது நான்கே நான்கு எல்க்: இரண்டு பெண், இரண்டு ஆண். என்னைப் பெரிய வேட்டைக்காரன் என்று யாராவது நினைத்திருந்தால் இத்தோடு திருத்திக்கொள்ளவும். மண்டையோடு சுத்தம் செய்வதில் மட்டும் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்ததையும் சேர்த்தால் இருபதுக்கு மேல் ஆகியிருக்கும். காசு வாங்குவதில்லை. "காசுக்குப் பதில் இறைச்சி தரட்டுமா?" என்பார்கள். காட்டு இறைச்சியை விலைக்கோ கூலிக்கோ கைமாற்றுவது சட்டச் சிக்கல். காபி போதும்.

கே: நான் ஸ்வீடனில் இருக்கிறேன். இங்கே எல்க் என்றால் மூக்கு பெருத்து, கை விரித்தாற்போல் தட்டைக் கொம்பு வைத்த மிருகம். உங்கள் படத்தில் இருப்பது அதுவல்லவே?

ப: அல்லதான். ஐரோப்பாவில் எல்க் என்று சொல்வதை வட அமெரிக்காவில் மூஸ் என்பார்கள். முதலில் வந்த ஐரோப்பியர்கள் இங்கே இருந்த பெரிய மானைப் பார்த்துப் பேரை மாற்றி வைத்துவிட்டார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஷானி பழங்குடியினர் இட்ட பேர் வாபிட்டி, வெள்ளைப் பிட்டம் என்று பொருள். அதுதான் பொருத்தமான பேர். காட்டுக்குள் ஓடும்போது கடைசியாக நாம் பார்ப்பது அந்த வெள்ளையைத்தான். நான் பெரும்பாலும் அதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நம்மவர்களுக்குப் புரியும்படி சொன்னால், கடமானின் உறவுக்காரன். ஆனால் அதைவிட மிகப் பெரியவன். வளர்ந்த ஆண் ஏறத்தாழ 700 பவுண்டு, அதாவது 320 கிலோ. பெண் 500 பவுண்டு.

கே: எச்-1பி விசாவில் டென்வரில் வேலை பார்க்கிறேன். துப்பாக்கியைத் தொட்டாலே குற்றம் என்கிறார் அறை நண்பர். வேட்டைக்குப் போக வழியே இல்லையா?

ப: நண்பர் சொல்வது பாதி சரி. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் பொது விதி. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் வைத்திருக்கலாம். "செல்லுபடியாகும்" என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுங்கள். லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் அத்தோடு போயிற்று. அலமாரியில் இருக்கும் துப்பாக்கி மறுநாளே உங்களுக்கு வில்லங்கம். நான் வக்கீல் அல்ல. விசா விஷயம், வாங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தலைவலி கிடையாது. வில்லுக்கு இந்த விதி எப்போதுமே கிடையாது. செப்டம்பர் வில் சீசன் உங்களுக்கு ஒரு நல்ல யோசனை.

லைசென்ஸுக்கு முன் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடிக்க வேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லாருக்கும் கட்டாயம். மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம். இல்லாவிட்டால் பல மடங்கு. நல்ல பகுதிகளுக்குக் குலுக்கல்தான். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் முதல் வாரத்தில் வரும். அக்டோபரில் ஆசை வந்து எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் முதல் வருடம் செய்கிற தப்பு அது.

கே: அவ்வளவு அழகான பிராணியைக் கொன்று சுவரில் மாட்டி வைத்து அழகு பார்க்க உங்களுக்கு மனசு எப்படி வருகிறது? (போல்டர் வாசகி)

ப: கோபமாக எழுதியிருக்கிறீர்கள். தொடர்ந்து படியுங்கள், கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை.

சுவரில் மாட்டுவதற்காக யாரும் கொல்லக் கூடாது என்றுதான் இந்த மாநிலச் சட்டமும் சொல்கிறது. கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் கொலராடோவில் அது அபராதத்தோடு முடிகிற சமாசாரமல்ல, பெருங்குற்றம். ஒரு ஆண் எல்கில் எலும்பு நீக்கிய இறைச்சி 200 பவுண்டு தேறும். அதை முதுகில் சுமந்து இறக்க எனக்கு நான்கு நடை. தலை கடைசி நடையில்தான் வரும். எங்கள் வீட்டில் அந்த இறைச்சி ஒன்றரை வருடம் ஓடுகிறது, நான் ஒருவன் மட்டும் சாப்பிடுவதால். என் மனைவி சுத்த சைவம். இறைச்சிக்கென்று கராஜில் தனி ஃப்ரீசர். சமையலும் அங்கேயே, தனி அடுப்பு, தனிச் சட்டி. மண்டையோட்டை வரவேற்பறையில் மாட்ட அனுமதி கிடைக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

இன்னொன்று. 1900களின் தொடக்கத்தில் வட அமெரிக்கா முழுக்க எல்க் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. வரைமுறையில்லாமல் சுட்டது, சந்தைக்கு விற்றது, மேய்ச்சல் நிலம் போனது எல்லாம் சேர்ந்து. கொலராடோவிலேயே அருகிப்போய், வயோமிங், யெல்லோஸ்டோன் பக்கமிருந்து ரயிலில் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். இன்று கண்டம் முழுக்க ஏறத்தாழ பத்து லட்சம். கொலராடோவில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல், எந்த மாநிலத்தையும்விட அதிகம். அழித்ததும் வேட்டைதான், மீட்டதில் பெரும்பங்கு கொடுத்ததும் வேட்டைக் காசுதான். 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. அது மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. லைசென்ஸ் கட்டணம் தனி.

மனசு எப்படி வருகிறது என்று கேட்டீர்கள். சுட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அடிபட்டது நிம்மதியாகப் படுக்கட்டும், நாம் துரத்தினால் இன்னும் ஓடித் துன்பப்படும் என்பதற்காகப் பெரியவர்கள் சொல்லித் தந்த அரை மணி அது. அந்த நேரத்தில் எனக்குக் கை நடுங்கும். நான்கு முறையும் நடுங்கியிருக்கிறது. நடுங்காத அன்றைக்கு விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

கே: மூன்று வருடமாகப் போகிறேன், தடம் பார்க்கிறேன், புழுக்கை பார்க்கிறேன், எல்க் மட்டும் கண்ணில் படவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

ப: காற்று. மற்றதெல்லாம் அப்புறம்.

மலைக் காற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. ராத்திரியும் விடியலிலும் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தை நோக்கி இறங்கும். வெயில் சரிவில் விழுந்து தரை சூடானதும் மேலே ஏறத் தொடங்கும். சாயங்காலம் மறுபடி இறக்கம். நான் ஃப்ளாட் டாப்ஸ் பக்கம் ஒருமுறை விடியலில் கீழிருந்து ஒரு மந்தையை நோக்கி ஏறினேன். மேலே அவை, கீழே நான், காற்று அவற்றிடமிருந்து என் முகத்துக்கு. எல்லாம் கணக்குப்படி. ஆய்வகத்தில் பல் அச்சுக்கு வைத்திருக்கும் தூள் ஒரு சின்னக் குப்பியில் எப்போதும் பையில் இருக்கும். அமுக்கினால் புகை மாதிரி வந்து காற்றின் திசையைக் காட்டும். ஒன்பது மணி வாக்கில் வெயில் சரிவைத் தொட்டது. இன்னும் நூற்றைம்பது கஜம் இருந்தது. குப்பியை அமுக்கினேன். தூள் ஒரு கணம் அப்படியே நின்றது, அப்புறம் மெதுவாக என் காதோரமாக மேலே போயிற்று. அது போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், முன்னால் நின்ற கிழட்டுப் பெண் எல்க் தலையைத் தூக்கி மூக்கை நீட்டியது. ஒரே ஒரு குரைப்பு. முப்பது, நாற்பது வெள்ளைப் பிட்டங்கள்.

நீங்கள் எட்டு மணிக்கு எழுந்து ஒன்பது மணிக்கு ஏறுகிறவராக இருந்தால், எல்க் உங்களைத் தினம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பார்ப்பதென்ன, முகர்ந்துகொண்டு.

கே: தலையை அப்படியே வண்டியில் போட்டுக்கொண்டு டெக்ஸஸ் வரை கொண்டுபோகலாமா?

ப: கூடாது. இதைக் கவனமாகப் படியுங்கள்.

கிரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்று மான் இனத்துக்கு வரும் மூளை நோய் ஒன்று இருக்கிறது, சுருக்கமாக சி.டபிள்யூ.டி. 1967-இல் முதன்முதலாகக் கவனித்தது இதே கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸ் பக்கம் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்களிடம். கிருமி அல்ல, பிரியான் என்னும் மடிப்பு கோணிப்போன புரதம். அதனால் கொதிநீர் அதை ஒன்றும் செய்யாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான பிராணியின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்கச் சுகாதாரத் துறையின் அறிவுரை. மூளையிலும் தண்டுவடத்திலும் அது மிகுதி என்பதால் பல மாநிலங்கள் முழுத் தலையை எல்லைக்குள் விடுவதில்லை. மூளை, சதை எதுவும் ஒட்டாமல் சுத்தம் செய்த மண்டையோடு, கொம்பு, எலும்பு நீக்கிய இறைச்சி, இவற்றுக்குத் தடையில்லை. நீங்கள் கடந்துபோகும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் புறப்படும் முன் பார்த்துவிடுங்கள்.

பரிசோதனைக்குக் கொடுப்பதாக இருந்தால் தலையைச் சுத்தம் செய்வதற்கு முன்பே கொடுக்க வேண்டும். தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர் முடிச்சைத்தான் எடுப்பார்கள். நாலைந்து அங்குலம் கழுத்தை விட்டே வெட்டுங்கள். முடிவு வரும்வரை இறைச்சிப் பொட்டலங்களில் எந்தப் பிராணி என்று எழுதி வையுங்கள். இரண்டு பேர் இறைச்சியைக் கலந்து அரைத்துவிட்டு அப்புறம் முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையை அறுக்கும்போது கையுறை, கண்ணாடி கட்டாயம். ரம்பத்தால் மண்டையைப் பிளக்காதீர்கள். கத்தியைக் கழுவிவிட்டு, ப்ளீச்சும் தண்ணீரும் சரிபாதி கலந்து அதில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள்.

கே: தாங்கள் மாட்டியிருப்பது போல வெள்ளை வெளேரென்று வர என்ன செய்ய வேண்டும்? நான் பெரிய அண்டாவில் அரை நாள் கொதிக்க வைத்தேன். மூக்கெலும்பு தனியாக வந்துவிட்டது, பல்லெல்லாம் அண்டாவின் அடியில் கிடக்கிறது. (ஷையன் வாசகர்)

ப: வாருங்கள், நம் கட்சி. என் முதல் ஆண் எல்கின் கதையும் அதேதான். சலவை சோடாவை அள்ளிப் போட்டேன், தளதளவென்று கொதிக்கவிட்டேன், அவசர வேலையாக ஒரு பிரிட்ஜ் முடிக்க ஆய்வகத்துக்குப் போய் நாலு மணி நேரம் கழித்து வந்தேன். மூக்கெலும்பு இரண்டும் மிதந்துகொண்டிருந்தன. போதாததற்கு வெளுக்கட்டும் என்று ப்ளீச்சில் முக்கினேன். அன்றைக்கு அபார வெள்ளை. ஒரு வருடத்தில் சோபாவின் மேல் மாவு கொட்டத் தொடங்கியது. "சுவத்துல மாட்டியிருக்கிறது மானா, சுண்ணாம்பா?" என்று கேட்டாள் மனைவி.

எலும்பு என்பது கல் மாதிரித் தாதுவும் நார் மாதிரிப் புரதமும் பின்னிக்கிடப்பது. தளதளவென்று கொதித்தால் அந்த நார் ஜெல்லியாகிக் கரைந்துவிடும். கொழுப்போ வெளியே வராமல் எலும்பின் துளைகளுக்குள்ளேயே இறங்கிக்கொள்ளும். ப்ளீச் மிச்சமிருக்கும் நாரைத் தின்னும், கழுவிய பிறகும் தின்றுகொண்டே இருக்கும். கத்திக்கு ப்ளீச், ஓட்டுக்கு ஒருபோதும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், சொல்லித் தந்து நான் இப்போது செய்வது இப்படி.

முதல் நாளே தோலை உரித்துவிடுவது. காதைச் சுற்றி, கொம்பின் அடியைச் சுற்றி அறுத்து, அங்கே ஒட்டியிருக்கும் தோலைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்புவேன். கண்குழிக்கு என் மெழுகுக் கத்திதான், பல் வேலைக்கு வைத்திருந்து ஓய்வு கொடுத்தது. கண், நாக்கு, கீழ்த்தாடை எல்லாம் தனியே. மூளையை வளைத்த கம்பியால் கலக்கி, பின்னால் இருக்கும் துளை வழியாக ஹோஸ் தண்ணீரை அடித்தால் வந்துவிடும். அன்றைக்கே முடியாவிட்டால், உரித்துவிட்டுப் பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், உரிக்காமல் வைக்காதீர்கள்.

அப்புறம் பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள். இதை யாரும் செய்வதில்லை, செய்ய வேண்டியது இதுதான். ரத்தத்தோடு சூடாக்கினால் கறை எலும்பில் ஏறிவிடும். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த மாதிரி இருக்கும், நான்காவது வெளிர் ரோஸ். கொம்பு தண்ணீரில் நனையக் கூடாது, எப்போதுமே.

மூன்றாவது நாள் அடுப்பு. வெளியே, திறந்த இடத்தில். எஃகுப் பாத்திரம், அலுமினியம் வேண்டாம், சலவை சோடா அதை அரித்துக் கறுப்பாக்கும். கொம்பின் அடிப்பகுதியை ஒரு சாண் உயரத்துக்கு ஃபாயிலும் பிளாஸ்டிக்கும் சுற்றி டேப் ஒட்டுவேன். கொம்புக்குக் குறுக்கே ஒரு கட்டையைக் கட்டிப் பாத்திர விளிம்பில் தாங்க வைத்தால் ஓடு தண்ணீரில் தொங்கும், அடியில் இடிக்காது. டிஷ் சோப் ஒரு கரண்டி, சலவை சோடா ஒரு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். சூடு 180 ஃபாரன்ஹீட், செல்சியஸில் 82. ஓரத்தில் சின்னக் குமிழ் வரலாம், நடுவில் புரளக் கூடாது. தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை எடுத்துச் சுரண்டி, தண்ணீரை மாற்றி, மறுபடி. மூன்று, நான்கு தடவை. கிழட்டு ஆணுக்கு ஐந்தும் ஆகும். கொம்புக்கு அடியில், பின் மண்டையில் தண்ணீர் எட்டாத சதைக்குச் சுடுதண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு வையுங்கள்.

மிச்சத்தைப் பிரஷர் வாஷர், குறைந்த வேகத்தில். மூக்குத் துவாரத்துக்குள் காகிதச் சுருள் மாதிரி மெல்லிய எலும்பு இருக்கும்; அதில் ஒட்டியிருக்கும் ஜவ்வு போகாவிட்டால் வீடு நாறும். மெல்ல அடித்தும் அது உடைந்து வந்துவிட்டால் கவலைப்படாதீர்கள், வெளியே தெரியாது. கீழே ஒரு சல்லடை வையுங்கள். பல் ஒன்று புல்லில் விழுந்தால் அம்போ. நான் ஒருமுறை முழங்காலிட்டு இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறேன், ஆய்வகத்தில் வாடிக்கையாளர் பல்லைத் தொலைத்தால்கூட அப்படித் தேடியிருக்க மாட்டேன்.

உங்கள் ஓட்டுக்கு வருவோம். எலும்பு மாவாகாமல் இருந்தால் பிழைக்கும். மூக்கெலும்பையும் பல்லையும் தூக்கிப் போடாதீர்கள். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு பசை வைத்து ஒட்டலாம். பல் ஒவ்வொன்றும் தன் குழியில் மட்டும்தான் சரியாக உட்காரும். திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள், உட்கார்ந்ததும் "டக்" என்று விரலுக்குத் தெரியும்.

கே: வெள்ளையாகத்தான் மாட்டினேன். ஆறு மாதத்தில் நெற்றியில் மஞ்சள் எண்ணெய்த் திட்டு. ஏன்?

ப: கொழுப்பு எடுக்கும் வேலையைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். சதை போனதும் முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். டிஷ் சோப் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், கை பொறுக்கும் சூடு, 110 ஃபாரன்ஹீட் வாக்கில், அதில் ஊறட்டும். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். கலங்காத நாள் வரும்வரை. எனக்கு இரண்டு, மூன்று வாரம் பிடிக்கிறது. உங்களுடையதைக் கழற்றி இப்போதும் செய்யலாம்.

அதற்கப்புறம்தான் வெளுப்பு. அழகு நிலையங்களுக்குச் சாமான் விற்கும் கடையில் 40 வால்யூம் கிரீம் என்று கேளுங்கள். 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கொம்பின் அடியில் வாசலின் தடவிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஓடு முழுக்கப் பூசி, பிளாஸ்டிக் உறை சுற்றி ஒரு நாள். கையுறை போடாமல் தொட்டால் விரல் நுனி வெந்து வெளுத்துவிடும். மிச்சமிருக்கும் பெராக்சைடை இறுக மூடிய பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றாதீர்கள், வெடிக்கும்.

கே: பெராக்சைடு கொம்பிலும் வழிந்து அடி வெளுத்துவிட்டது.

ப: பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வையுங்கள். முதலில் ஊதா, பயந்துவிடாதீர்கள், காய்ந்தால் பழுப்பு.

கே: வண்டுகளை விட்டுத் தின்னவைப்பது சுலபம் என்கிறார்களே?

ப: டெர்மெஸ்டிட் வண்டு. அருங்காட்சியகங்களே வைத்திருக்கின்றன. மூக்குச் சுருள்கூட அப்படியே நிற்கும், அவ்வளவு பக்குவமாகத் தின்னும். ஆனால் வருடத்துக்கு ஒரு ஓடு செய்பவருக்கு எதற்கு? மிச்ச நாளெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் சோறு போட வேண்டும். தப்பித்து வீட்டுக்குள் வந்தால் கம்பளி, தோல் எதையும் விடாது. கொடுத்துச் செய்து வாங்குவதாக இருந்தால், வந்ததும் ஓட்டை ஃப்ரீசரில் சில நாள் வைத்து எடுங்கள்.

கே: எல்க் பல்லில் நகை செய்கிறார்களாமே, உண்மையா? பல்லைப் பற்றி உங்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

எல்குக்கு மேல் தாடையில் முன்பற்களே கிடையாது. மாடு மாதிரி தடித்த ஈறுதான். ஆனால் அதற்குப் பக்கத்தில், இருபுறமும் ஒவ்வொன்றாக, குண்டாக இரண்டு கோரைப்பல். ஒரு காலத்தில் தந்தமாக நீண்டிருந்த பல்லின் எச்சம். இங்கே ஐவரி என்றே சொல்வார்கள். பெண்ணுக்கும் உண்டு. நான் வாழ்நாள் முழுக்கப் பீங்கானில் பல் நிறம் கொண்டுவரப் பாடுபடுகிறவன். இந்தப் பல்லின் நுனியில் வயதான ஆணுக்கு வருகிற தேன் நிறம், அதைச் சுற்றிப் பால் நிறம், இரண்டும் சேருகிற இடத்தில் கோடே தெரியாத குழைவு, அதை எந்தச் சூளையிலும் சுட்டு எடுக்க முடிந்ததில்லை.

மொன்டானாவின் குரோ மக்கள் பெண்களின் உடையில் நூற்றுக்கணக்கில் இதைத் தைப்பார்கள். ஒரு பிராணிக்கு இரண்டுதான் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள், அந்த உடையின் மதிப்பு தெரியும். பிறகு எல்க்ஸ் என்ற பேரில் இயங்கிய சகோதரச் சங்கத்தின் உறுப்பினர்கள் கடிகாரச் சங்கிலியில் இந்தப் பல்லைத் தொங்கவிடும் மோஸ்தர் வந்தது. அதற்காகவே 1900களின் தொடக்கத்தில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு உடலைப் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. போல்டர் வாசகிக்கு இருக்கும் கோபம் அவர்கள் மேல் எனக்கும் உண்டு.

ஓட்டை அடுப்பில் வைப்பதற்கு முன்பே இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். சூட்டில் கீறல் விடும். ஈறைச் சுற்றிக் கத்தியால் கீறி மெல்ல ஆட்டினால் வந்துவிடும், குறடு வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். என் இரண்டாவது ஆணின் பல் இரண்டும் மனைவியின் காதில் இருக்கின்றன. சுத்த சைவம்தான், ஆனால் கம்மல் விஷயத்தில் விலக்கு உண்டு போலிருக்கிறது.

கே: என்னுடையது ஒரு பக்கம் ஆறு கிளை, மறுபக்கம் ஆறு. சாதனைப் புத்தகத்தில் ஏறுமா?

ப: அந்தப் புத்தகத்தை வைத்திருக்கும் பூன் அண்ட் கிராக்கெட் சங்கத்தின் அளவுக்கு, வழக்கமான வடிவக் கொம்பென்றால் 360 புள்ளி, எல்லாக் காலப் பட்டியலுக்கு 375. அளப்பதற்கு முன் 60 நாள் உலர வேண்டும். ஆறுக்கு ஆறில் பெரும்பாலானவை இதற்குக் கிட்டவே வராது. என் சுவரில் இருப்பது ஆறுக்கு ஐந்து.

கே: சுத்தம் செய்த ஓட்டை அப்பாவுக்குக் காட்ட ஊருக்குக் கொண்டுபோகலாமா?

ப: போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

கே: மாமா, எனக்குப் பத்து வயசு. உங்கள் வீட்டு எல்க் கொம்பு இன்னும் வளருமா? எனக்கு ஒரு கொம்பு வேணும், ஆனா எதையும் கொல்லக் கூடாது.

ப: வளராது கண்ணா. கொம்பு எலும்புதான், ஆனால் மாட்டுக் கொம்பு மாதிரி வாழ்நாள் முழுக்க இருக்காது. எல்க் உயிரோடு இருக்கும்போது வசந்தத்தில் புதுசாக முளைக்கும். மேலே வெல்வெட் மாதிரி மெல்லிய தோல், அதற்குள் ரத்தம் ஓடும். வேகமாக வளரும் நாட்களில் ஒரு நாளைக்கு ஒரு அங்குலம்கூட ஏறும். ஆகஸ்ட் வாக்கில் மரத்தில் தேய்த்துத் தோலை உரித்துவிடும். பனிக்காலம் முழுக்கச் சுமந்துவிட்டு, மார்ச், ஏப்ரலில் தானாகவே கழன்று விழும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

அப்படி விழுந்த கொம்பை யாரும் சாகாமல் நீ எடுத்துக்கொள்ளலாம். நீ இருப்பது கொலராடோவில், 25-ஆம் நெடுஞ்சாலைக்கு மேற்குப் பக்கம் என்று அம்மா எழுதியிருக்கிறார். அங்கே பொது நிலத்தில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கக் கூடாது. பட்டினியும் களைப்புமாக இருக்கும் எல்க்கை அந்த நேரத்தில் ஓடவைத்தால் செத்துப்போகும் என்பதற்காக. மே 1 அன்று விடியலில் அப்பாவை எழுப்பு. தெற்குப் பார்த்த சரிவு, பனி முதலில் உருகும் இடம், வேலியைத் தாண்டிக் குதிக்கும் வழி, இந்த மூன்றையும் பார். ஒன்று கிடைத்தால் அதே வட்டத்தில் சுற்று. இன்னொன்று பக்கத்தில்தான் கிடக்கும், அல்லது மைல் கணக்கில் தள்ளி. தண்ணீர் பாட்டில் மறக்காதே.